பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் திறந்த பீரோ

3-6-24, திங்கள்

இன்று மதியம் மூன்றே காலுக்கு மருந்து அறையில் இருந்தவர்கள்: மேனேஜர் குமரகுருபரன். பெரிய நர்ஸ் எமல்டா சிஸ்டர். என்னோடு வேலை பார்க்கும் ஆயா பவுனுத்தாய். கம்ப்யூட்டர் பார்க்கும் கிளார்க் தயாநிதி. மாத்திரைக்காகக் காத்திருந்து, சக்கர நாற்காலியால் வாசலை அடைத்துக்கொண்டிருந்த ஏழாம் கட்டில் திருமலைச்சாமி சார். ஆறாவது ஆள் நான், சீனியம்மாள், வயது அறுபத்தேழு. கேன்சர் முற்றியவர்களைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்க்கும் இந்த இல்லத்தில் ஒன்பது வருஷமாக ஆயா. வேறு யாரும் அங்கே இல்லை. பின்னால் யாராவது நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தால் அது பொய்.

மற்ற ஐந்து பேர் இருக்க, என்னைத் திருடி என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மருந்து பீரோவின் மேல்தட்டில் வலி மாத்திரை இரண்டு அட்டை காணோம். மார்பின். ஒவ்வொரு மாத்திரைக்கும் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய சாமான். அதே பீரோவின் கீழ்த்தட்டில்தான் பஞ்சும் கட்டுத்துணியும் இருக்கிறது. அதனால் எங்களுக்கும் ஆளுக்கொரு கார்டு. கார்டைக் காட்டினால் பூட்டு விடும். யார் கார்டு, எத்தனை மணி என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும்.

மேனேஜர் அதை வாசித்தார். பத்து இருபது, சீனியம்மாள். அது நான்தான், பஞ்சு எடுத்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்து, சீனியம்மாள். அது நான் இல்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு நான் மூன்றாம் கட்டில் அம்மாவின் முதுகுப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலில் டிவியில் பன்னிரண்டரை சீரியல் பாட்டு முடிந்து கதை தொடங்கியிருந்தது. எதிரே தண்ணீர் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றது பவுனுத்தாய். புண்ணின் வாடைக்கு அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பவுனுத்தாயைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு நேரமெல்லாம் ஞாவகம் இல்ல சார்."

எட்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

மேனேஜர் மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் எதிரே இருப்பவன் தொலைந்தான் என்று அர்த்தம். மெஷின் பொய் சொல்லாது என்றார். வயதாகிவிட்டது, ஏதோ எடுத்து எங்கோ வைத்திருப்பீர்கள் என்றார். இருபதாம் தேதிக்குள் நானாக வேலையை விட்டு நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ் வேண்டாம், மாத்திரை உடைந்து வீணாகிவிட்டதாக மேலே எழுதிச் சமாளித்துக்கொள்வாராம். அதுவரை துணி துவைக்கும் கொட்டகையில் வேலை. கார்டைக் கேட்டார். கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் போட்டேன்.

திருமலைச்சாமி சாருக்கு மூன்று மணி மாத்திரை கிடைக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வர ஆறு மணி ஆகிவிட்டது. துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அந்த மூன்று மணி நேரமும் என் கணக்கில்தான்.

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டயரி இத்தனை நாள் சும்மா கிடந்தது. படித்தது ஐந்தாவது வரை. போதும். பேனாவில் எழுதியதை ஒருத்தன் அடித்தால், அடித்தது தெரியும்.

4-6-24, செவ்வாய்

துவைத்த போர்வை இருபத்தேழு. ஹாலில் ஓட்டு எண்ணிக்கையைப் போட்டுவிட்டு எல்லோரும் அங்கேயே கிடந்தார்கள். பவுனுத்தாய் டீ கொண்டு வந்தாள். வாங்கி அவள் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினேன்.

5-6-24, புதன்

பேத்திக்குப் போன் போட்டேன். இந்துஜா, என் மகளின் மகள். அப்பாவும் அம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்ததால் இரண்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்னிடம் வளர்ந்தவள். இப்போது கோயம்புத்தூரில் பூட்டுக் கம்பெனியில் இன்ஜினியர். அந்த பீரோவின் பூட்டு அவர்கள் செய்ததுதான். கம்ப்யூட்டரும் பூட்டும் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஏதோ ஒன்று எழுத வேண்டுமாம், அதை எழுதியது அவளேதான். அவள் கம்பெனியில் வாங்குங்கள் என்று மேனேஜரிடம் சொன்னது நான். ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி அவள் வந்து பூட்டை மாட்டி வேலை செய்ய வைத்துவிட்டுப் போனபோது, எல்லோரிடமும் என் பேத்தி என் பேத்தி என்று சொல்லித் திரிந்தேன்.

நான்காவது தடவைதான் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"கார்டு இல்லாம அது தொறக்குமாடீ?"

ஹலோ, ஹலோ என்று இரண்டு தடவை கேட்டாள். லைன் சரியில்லை போல.

"தொறக்காது அம்மாச்சி. அதெல்லாம் சான்ஸே இல்ல."

"அப்ப எப்படி எம் பேரு வந்துச்சு?"

"நீ எடுத்திருக்க மாட்ட, அது எனக்குத் தெரியும். ஆனா நல்லா யோசிச்சுப் பாரு. கார்ட எங்கயாச்சும் வச்சிட்டு மறந்திருப்ப. பஞ்சு எடுக்க ரெண்டாவது வாட்டி போயிட்டு மறந்திருப்ப. வயசாகுதுல்ல."

சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். மீட்டிங் என்று வைத்துவிட்டாள். பாவம், அவளுக்கு வேலை அதிகம்.

7-6-24, வெள்ளி

மறந்திருப்பேனோ?

9-6-24, ஞாயிறு

லீவு. வீட்டில் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, களைந்தேனா என்று போய்ப் பார்த்தேன். களைந்துதான் இருந்தது. கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இப்படி நான் இருந்ததே இல்லை.

என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனது கருமாத்தூர் சின்னக்கண்ணு. அது தற்செயல் இல்லை. என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பொம்பளைப் பிள்ளையா என்று உதட்டைச் சுழித்தது என் நாத்தனார், அப்போது மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். என் வீட்டுக்காரர் வலி தாங்காமல் கடைசியாகக் கூப்பிட்டது என் பெயரை இல்லை, அவர் அம்மாவின் பெயரை. இதெல்லாம் இருக்கிற தலையில் போன திங்கட்கிழமை மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

ஆனால் படித்த பிள்ளை சொல்கிறது. பூட்டைச் செய்தவளே சொல்கிறாள். மத்தியானம் பூராவும் கண்ணை மூடிக்கொண்டு, நான் அந்த அறைக்குள் இரண்டாவது தடவை போவது மாதிரி நினைத்து நினைத்துப் பார்த்தேன். கடைசியில் போனது மாதிரியே தெரிய ஆரம்பித்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

10-6-24, திங்கள்

துவைத்த விரிப்பைக் கொடுக்கப் போனபோது திருமலைச்சாமி சார் கூப்பிட்டார். வயது ஐம்பத்திரண்டுதான். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கேலி அதிகம். செத்தால்தான் இந்த ஊர் வெயிலில் இருந்து தப்பிக்க முடியும் என்பார்.

"சீனிம்மா, நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். எடுத்திருந்தா எனக்கு ரெண்டு குடுத்திருப்பீங்க."

நானே எடுத்துவிட்டு மறந்திருப்பேனோ என்று இருக்கிறது சார் என்று சொன்னேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பூட்டு மாட்டின அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன், ஒன்று விடாமல்.

பூட்டு மாட்டி முடித்ததும் எமல்டா சிஸ்டர் தன் கார்டைக் காட்டினார். திறக்கவில்லை. அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டரில் வந்தது. கம்ப்யூட்டருக்குள் இந்துஜாவின் பெயரில் போனால் திறந்தது, சிஸ்டர் பெயரில் போனால் திறக்கவில்லை. அப்போது ஐந்தாம் கட்டில் பெரியவர் வலியில் கத்திக்கொண்டிருந்தார், அவருக்கான மாத்திரை உள்ளே மாட்டிக்கொண்டது. முதலில் மாத்திரையை எடுத்துக் கொடு, உன் பாடத்தை அப்புறம் நடத்து என்று சிஸ்டர் சத்தம் போட்டார். இந்துஜா கம்பெனியில் தன் மேலாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவன் சொன்னது இது: "இப்போதைக்கு ஆறு ஆறு ஆறு போட்டு விடு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்." அவள் தட்டினாள். பூட்டு விட்டது. எல்லோரும் கை தட்டினோம். நான் அவளுக்கு நெட்டி முறித்தேன்.

"ஆறு ஆறு ஆறா? அதே வார்த்தையா?"

"சார், நான் எதையும் மாத்திச் சொல்ல மாட்டேன்."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். பூட்டுக்கு ஒரு பாஷை, கம்ப்யூட்டருக்கு ஒரு பாஷை. நடுவில் நின்று பேசி விடுவதற்குப் பெயர் டிரைவர். இந்துஜா எழுதியது அதைத்தான். அந்த டிரைவர் பூட்டை ஒரு ஃபைல் மாதிரி கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கும். அதில் எழுதினால் பூட்டு திறக்கும். கார்டைப் பார்ப்பது வேறு ஒரு புரோகிராம். அது கார்டைச் சரிபார்த்துவிட்டு, தன் கையால் அந்த ஃபைலில் எழுதுகிறது. யார் யார் எழுதலாம் என்பதை மூன்று எண்ணில் சொல்ல வேண்டும். முதல் எண் அந்த ஃபைலுக்குச் சொந்தக்காரனுக்கு. இரண்டாவது அவன் சேர்த்துக்கொண்ட கூட்டத்துக்கு. மூன்றாவது மற்ற எல்லோருக்கும். ஆறு என்றால் பார்க்கலாம், எழுதலாம். சைபர் என்றால் தொட முடியாது. ஆறு ஆறு சைபர் போட்டு, கார்டு பார்க்கிற புரோகிராமையும் சிஸ்டரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திருந்தால் சரி. அரை மணி நேர வேலை. ஆறு ஆறு ஆறு என்றால், அந்தக் கம்ப்யூட்டரில் யார் எந்தப் பெயரில் உட்கார்ந்தாலும் கார்டு பக்கமே போகாமல் பூட்டைத் திறக்கலாம்.

மருந்து அறையில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டரில் யார்தான் உட்காரவில்லை? அதில் விருந்தாளி என்று ஒரு பெயர் உண்டு, அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு நோயாளிகள் முகம் பார்த்துப் பேசுவதற்காக வைத்தது. சாகப் போகிறவர்களை அதன் முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவது எங்கள் வேலை.

"அப்ப எம் பேரு எப்படி சார் வந்துச்சு?"

கார்டு இல்லாமல் கதவு திறந்தால் அது கடைசியாகக் காட்டின கார்டின் பெயரை எழுதுகிறதோ என்னவோ, பார்த்தால்தான் தெரியும் என்றார். பிறகு கேட்டார்.

"உங்க பேத்திகிட்ட இதக் கேட்டீங்களா?"

"கேட்டேன். தொறக்காதுன்னுச்சு."

அவர் முகத்தைத் திருப்பி ஃபேனைப் பார்த்தார். வலியாக இருந்திருக்கும்.

அந்த மேலாள்தான் காரணம். போனில் சொல்லிவிட்டுப் போன அந்தக் குரல்காரன் விளங்க மாட்டான். அவன் சொன்னதை இவள் செய்தாள், சின்னப் பிள்ளை.

12-6-24, புதன்

இந்துஜாவுக்கு ஆறு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை அதிகம்.

14-6-24, வெள்ளி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

பதினோரு மணிக்கு திருமலைச்சாமி சார் மஸ்கட்டில் இருக்கும் தம்பியோடு பேச வேண்டும் என்றார். மருந்து அறைப் பக்கம் நான் போகக் கூடாது என்று உத்தரவு. இருந்தாலும் நான்தான் தள்ள வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். மேனேஜரும் வந்தால்தான் பேசுவேன், தம்பி நன்கொடை விஷயம் பேசப் போகிறான் என்று ஒரு பொய். மேனேஜர் பறந்து வந்தார்.

தயாநிதி விருந்தாளி பெயரில் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்தான். எமல்டா சிஸ்டர் அப்போதுதான் தன் கார்டைக் காட்டி பீரோவிலிருந்து மருந்து எடுத்து மூடிவிட்டு, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சார் தம்பியைக் கூப்பிடவில்லை. தட்டினதைச் செய்கிற கறுப்புப் பெட்டி ஒன்றைத் திரையில் வரவழைத்தார்.

"சார், அதெல்லாம் தொடக் கூடாது" என்று தயாநிதி கையை நீட்டினான்.

"தம்பி, நான் இன்னும் ரெண்டு மாசம்தான் எதையும் தொடுவேன். விடு."

மேல் அம்புக்குறி போட்ட பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். முன்னால் யாரோ தட்டி வைத்திருந்த வரி ஒன்று தானாக வந்து நின்றது. சார் அதை வாசித்தார். திரும்பித் தயாநிதியைப் பார்த்தார். பூட்டைத் திறக்கிற வரியை நான் ராத்திரி பூரா யோசித்து வைத்திருந்தேன், இங்கே ஒருத்தன் ரெடியாகவே வைத்திருக்கிறான் என்றார். என்டர் தட்டினார்.

பீரோ திறந்தது. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஒருத்தரும் அதன் பக்கத்தில் இல்லை.

"மேனேஜர் சார், யாரு தொறந்ததுன்னு உங்க மெஷின வாசிங்க."

மேனேஜர் குனிந்து பார்த்தார். வாசிக்கவில்லை. நான் எட்டி வாசித்தேன். பதினொன்று பத்தொன்பது, எமல்டா மேரி.

சிஸ்டர் தன் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கழுத்தில் கிடந்த கார்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் அந்த அம்மா பயந்து நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்று நான் சிஸ்டரிடம் சொன்னேன், மெதுவாக, மேனேஜர் சொன்ன அதே தோரணையில்.

பவுனுத்தாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, பன்னிரண்டரைக்கு நாங்கள் மூன்றாம் கட்டிலில்தான் சார் இருந்தோம் என்றாள். இப்போது ஞாபகம் வந்துவிட்டதாம்.

மேனேஜர் கம்பெனிக்குப் போன் போட வெளியே போனார். தயாநிதி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

15-6-24, சனி

கொட்டகைக்குத் தயாநிதி வந்தான். துவைக்கிற கல்லுக்கு எதிரே நின்றான். அவன் அம்மாவுக்கு வயிற்றில் கேன்சர், வத்தலக்குண்டில் வீட்டில் கிடக்கிறாள். இங்கே கட்டில் காலி இல்லை என்று நான்கு மாதமாக மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே ஒவ்வொருத்தர் வலியும் அடங்குவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவள் கத்துவதைக் கேட்க முடியவில்லை என்றான்.

கையில் இருந்த ஈரப் போர்வையால் ஓங்கி ஒன்று போட்டேன். தோளில் விழுந்தது. வாங்கிக்கொண்டான்.

"அதுல யாரு பேரும் வராதுன்னு நெனச்சேன்மா. ஒங்க பேரு வந்ததும் எனக்கு நாக்கு எழும்பல."

"அந்த வரிய யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

குனிந்து பக்கெட்டை நகர்த்தி வைத்தான். இன்னொரு தடவை கேட்டேன்.

"மார்ச் மாசம் மழைல கார்டு காட்டுற மெஷின் படுத்துருச்சு. சிஸ்டர் அவசரப்படுத்துனாங்க. கம்பெனிக்குப் போன் போட்டேன். விருந்தாளில போயி இந்த வரிய அடிங்க, தொறந்துக்கும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"ஒங்க பேத்திதாம்மா."

துவைத்த துணி முப்பத்தொன்று.

16-6-24, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

17-6-24, திங்கள்

இந்துஜா வந்தாள். கம்பெனி அனுப்பியது என்று மேனேஜர் சொன்னார், நானாகத்தான் வந்தேன் என்று அவள் சொன்னாள். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். எந்த அறையில் என் பெயர் கெட்டதோ அதே அறையில், அன்றைக்கு இருந்த அதே ஆட்கள் முன்னால் பேச வேண்டும். திருமலைச்சாமி சாரால் உட்கார முடியவில்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தோம். போலீஸில் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்த தயாநிதியும் ஓரமாக நின்றான்.

இந்துஜா நடுவில் நின்று சொன்னாள். அனுமதியை எல்லோருக்கும் திறந்து விட்டது தன் தப்பு. அன்றைய அவசரத்துக்குப் போட்டது, ஊருக்குப் போய் மாற்றி அனுப்ப வேண்டியது, மறந்து போனது. மார்ச்சில் குறுக்கு வழி சொல்லிக் கொடுத்ததும் தப்பு. கார்டு இல்லாமல் திறந்தால் கடைசியாகக் காட்டின கார்டின் பெயரை எழுதும்படி விட்டதும் தன் தப்பு. சீனியம்மாள் எடுக்கவில்லை என்றாள். அம்மாச்சி என்று சொல்லவில்லை, பெயரைச் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு உட்கார்ந்து மூன்றாவது எண்ணைச் சைபர் ஆக்கினாள். சார் கட்டிலில் இருந்தபடியே விருந்தாளியில் போய்த் தட்டிப் பார்க்கச் சொன்னார். அனுமதி இல்லை என்று வந்தது.

"இப்பத்தான் பூட்டு" என்றார்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். மெதுவாகத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

எல்லோரும் இந்துஜாவைப் புகழ்ந்தார்கள். இந்தக் காலத்தில் யார் தானாக வந்து ஒத்துக்கொள்கிறார்கள், தைரியமான பிள்ளை என்று எமல்டா சிஸ்டர் அவள் முதுகைத் தடவினார்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வெயில். அவள்தான் ஆரம்பித்தாள்.

"பயந்துட்டேன் அம்மாச்சி. இதே மாதிரி பதினோரு எடத்துல போட்டிருக்கோம். வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்னு மேல சொன்னாங்க. எப்படியும் ஒன்னய விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"நான் போன் போட்டப்பவே ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தயாநிதிக்கு வழி தெரியும்கிறதும் தெரியும்."

தலையை ஆட்டினாள்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம். இப்ப பேச முடியாதுன்னு வச்சிருக்கலாம். எனக்கு வேலை முக்கியம், நீ போலீஸுக்குப் போன்னு சொல்லியிருந்தாகூட சரி, பயந்தாங்கொள்ளின்னு விட்டுருப்பேன். என் ஞாவகத்துல எதுக்குடீ கைய வச்ச?"

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் போன போக்கில் தெரிந்தது.

"அஞ்சு நாள் நான் திருடின்னு நானே நெனச்சேன். அவங்க யாரு சொன்னப்பவும் நான் அப்படி நெனைக்கல. நீ சொன்னதாலதான் நெனச்சேன்."

அழுதாள். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். வேலையை விட்டால் மீதிப் பத்து இடத்தை யார் பூட்டுவது என்று கேட்டேன். பஸ் வந்தது. ஏறினாள். கையைக் காட்டினாள். நான் காட்டவில்லை.

20-6-24, வியாழன்

எழுதிக் கொடுக்கச் சொன்ன நாள் இன்றுதான். மேனேஜர் வேறு காகிதம் நீட்டினார். பூட்டுக் கம்பெனிமேல் எனக்குப் புகார் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை என்றால் இந்துஜாவுக்கு வேலை போகும் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். பதினோரு இடமும் சரியான பிறகு கொண்டு வாருங்கள், போடுகிறேன் என்றேன். அவர்களுக்கு வேறு வழியில்லை.

கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். வார்டுக்குப் போய்விட்டேன். பவுனுத்தாய் எனக்கு முன்னால் பேசினை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

28-6-24, வெள்ளி

மூன்றாம் கட்டில் அம்மா போன வாரம் போய்ச் சேர்ந்தார். அந்தக் கட்டிலுக்கு வத்தலக்குண்டிலிருந்து தயாநிதியின் அம்மா வந்திருக்கிறாள். கட்டில் காலியானால் முதலில் அவளுக்குத்தான் என்று மேனேஜரிடம் சண்டை போட்டது எமல்டா சிஸ்டர். தயாநிதிக்கு வேலை போய்விட்டது, கேஸ் நடக்கிறது, பார்வையாளர் நேரத்தில் வந்து காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அவன் அம்மாவை நான்தான் குளிப்பாட்டுகிறேன். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். மகன் செய்தது அவளுக்குத் தெரியாது. என் வாயால் தெரிய வராது.

இந்துஜா போனில் எழுதி அனுப்பினாள். நான்காவது இடம் முடிந்தது. நான் பதில் போடவில்லை.

6-7-24, சனி

ஏழாம் கட்டில் காலி. காலை ஆறு பத்து. கூட இருந்தது நான் மட்டும். வலி இல்லை, மாத்திரை நேரத்துக்குக் கொடுத்திருந்தது. கடைசியாகச் சொன்னது, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

மஸ்கட் தம்பிக்கு அந்தக் கம்ப்யூட்டரில்தான் சொன்னோம்.

14-7-24, ஞாயிறு

பதினோராவது இடம் முடிந்தது என்று இந்துஜா எழுதியிருக்கிறாள். நாளை அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவேன். சொன்னால் சொன்னதுதான். மகள் திருப்பூரிலிருந்து போன் போட்டு, பிள்ளை ராத்திரி பகலாக அலைந்து எல்லாவற்றையும் சரி செய்துவிட்டாளே, இன்னும் என்னம்மா என்று கேட்டாள். கையெழுத்து அவள் வேலைக்காக, இது வேறு என்றேன்.

ஒவ்வொருத்தராக எண்ணிப் பார்த்தேன். பவுனுத்தாய்க்கு மூன்று பெண் பிள்ளைகள், மேனேஜரைப் பகைத்தால் பிழைப்பு போகும் என்று பயந்தாள். போகட்டும், நேற்று அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். எமல்டா சிஸ்டர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தன் பெயர் வந்தபோது என் நிலைமை என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது போதும். மேனேஜரை நான் எப்போதும் பெரிதாக நினைத்ததில்லை, அதனால் அவரிடம் ஏமாறவும் இல்லை. போனில் ஆறு ஆறு ஆறு என்ற அந்தக் குரலுக்கு நான் யார் என்றே தெரியாது. தயாநிதி திருடினான், நான் மாட்டிக்கொண்டபோது நாக்கை அடக்கிக்கொண்டு நின்றான். அவன் அம்மா உடம்பைத் தொட்டுத் துடைக்கிறவளுக்கு அவன்மேல் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை, முயன்று பார்த்தேன்.

இவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டேன். நான் மறந்திருப்பேன் என்று என்னையே நம்ப வைத்தது ஒரே ஆள். அவள் வந்தால் சோறு போடுவேன். அவள் கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருவேன். மன்னிக்க மட்டும் மாட்டேன்.

முருகேசன் மகள், என் மகள் வயிற்றுப் பேத்தி, இந்துஜா.